மருமகளின் நேர்முகத் தேர்வும் மகனின் ஆடிட்டும்

எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து காலண்டர்கள் தொங்கும். நூல் கடையில் கொடுத்தது ஒன்று, நகைக்கடையில் கொடுத்தது ஒன்று, மீதி மூன்றும் மருந்துக் கடைகள் கொடுத்தவை. இந்த வயதில் எங்களுக்கு யார் அதிகம் வேண்டியவர்கள் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். போன வருஷம் ஒரு நாள் காலை காப்பிக்கு வந்து உட்கார்ந்தேன். சுவரில் ஒன்றுதான் இருந்தது. நான்கு ஆணிகள் சும்மா நின்றன.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, அதில் என்ன எண் இருக்கிறதோ அதை அட்டையில் எழுதிவிட்டு வருவது வேலை. அதனால் எங்கே போனாலும் எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவேன், பஸ்ஸில் ஜன்னலை எண்ணுவேன். எண்ணிக்கை குறைந்தால் படபடப்பு வந்துவிடும். காலண்டர்களை யார் எடுத்தது என்று கேட்டேன். என் மகன்தான் எடுத்திருந்தான்.

"அடுத்த சனிக்கிழமை ஆடிட்டுங்கப்பா" என்றான்.

உண்மையில் அது ஆடிட் இல்லை. என் மருமகளுக்கு நேர்முகத் தேர்வு.

மருமகள் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவரை எங்கள் ஊரில் பையர் என்பார்கள். அந்தப் பையருக்கும் இங்கே உள்ள தையல், சாயப்பட்டறை ஆட்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக வாங்குகிறாள். அவளுக்குக் கீழே ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். சாம்பிள் என்றால் என்ன, ஷேடு என்றால் என்ன என்று அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். போன வருஷம் அவர் அவளுக்கே மேனேஜர் ஆகிவிட்டார். சர்வதேச வணிகத்தில் எம்.பி.ஏ. படித்தவராம். முதலாளி அவளைக் கூப்பிட்டு வருத்தத்தோடுதான் சொல்லியிருக்கிறார். அவளுக்கும் அந்தப் படிப்பு இருந்தால் அவளையே போட்டிருப்பாராம். இன்னும் சில வருஷத்தில் இரண்டாவது யூனிட் வருகிறது, அதற்குள் படித்துவிட்டால் அதற்கு மேனேஜர் அவள்தானாம்.

அவள் அழவும் இல்லை, வேலையை விடவும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியைக் கண்டுபிடித்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, வேலை பார்க்கிறவர்களுக்காகச் சர்வதேச வணிகத்தில் இரண்டு வருஷ எம்.பி.ஏ. நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வகுப்பு. இடங்கள் குறைவு. அதற்கு வயது வரம்பு உண்டு, அடுத்த வருஷம் அவள் அதைத் தாண்டிவிடுவாள். ஆக, கிடைத்தால் இந்த முறை, இல்லாவிட்டால் இல்லை.

பாடத்திட்டத்தை என்னிடம் காட்டினாள். பதினாறு தாள்கள். அந்நியச் செலாவணி, சரக்குப் போக்குவரத்து, வேற்று நாட்டாரோடு பேரம் பேசும் முறை என்று போயிற்று. இதில் பதினான்கை நீ தினமும் நம் அடுப்படியில் நின்று போனில் செய்கிறாயே, எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அடுப்படில செஞ்சா அதுக்கு மார்க்குப் போட ஆளில்லீங்க மாமா" என்றாள்.

என் மகன் வேறொரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஆடிட்டுக்குக் கம்பெனியைத் தயார் செய்வதுதான் அவன் உத்தியோகம். பையர்கள் ஆர்டர் கொடுக்கும் முன் ஆடிட்டர்களை அனுப்புவார்கள். அவர்கள் கணக்குப் புத்தகத்தோடு விடமாட்டார்கள். கக்கூஸைத் திறந்து பார்ப்பார்கள், முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள், தொழிலாளி ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு இங்கே சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்பார்கள். அந்தத் தொழிலாளி என்ன சொல்ல வேண்டும் என்பது என் மகனின் பொறுப்பு. இருபது வருஷமாக அவனுக்குத் தெரிந்த பரீட்சை இது ஒன்றுதான். நேர்முகத் தேர்வு வீட்டிலிருந்தே கேமரா வழியாக நடக்கும், கேட்பவர்களில் ஒருவர் வெள்ளைக்கார அம்மாள் என்று தெரிந்ததும், அவன் மனசு நேராகக் கக்கூஸுக்குத்தான் போயிற்று. இரண்டு கக்கூஸுக்கும் புதுக் கதவு போட்டான். கேமரா அங்கே போகாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா என்றான்.

கம்பெனியிலிருந்து தீயணைப்பு சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் மாட்டினான். முதலுதவிப் பெட்டி வந்தது. சமையலறை வாசலுக்கு மேலே, ஆள் ஓடுகிற படம் போட்ட பச்சை அவசரவழிப் பலகை வந்தது. முருகன் படத்தைக் கழற்றப் போனபோது மட்டும் என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். முருகனை எடுப்பதென்றால் முதலில் அந்த ஓடுகிறவனை எடு என்றாள். இருவரும் இருந்தார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வரும் பெண்கள் பாதியில் நின்றுவிடுவதால், வீட்டார் சம்மதத்தையும் விசாரிப்பார்கள் என்று அவன் எங்கேயோ கேட்டு வந்திருந்தான். அதனால் ஒத்திகை நடந்தது. அவன் ஆடிட்டர், என் மனைவி தொழிலாளி. அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி: எங்களுக்கு முழுச் சம்மதம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் பழக்கதோஷத்தில், குடிதண்ணீர் எங்கே இருக்கிறது தெரியுமா என்றும் கேட்டுவிட்டான்.

"நாந்தான சாமி தெனமும் புடிச்சு வெக்கறேன்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவளை வாயைத் திறக்க வேண்டாம், தலையை ஆட்டினால் போதும் என்று மாற்றிவிட்டான்.

என்னை ஒத்திகைக்கே கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறுநாள் ஊத்துக்குளி போய் இரண்டு கிலோ வெண்ணெய் வாங்கி வரச் சொன்னான். அவசரம் இல்லை, மத்தியானமாக வந்தால் போதும் என்றான். வீட்டில் வெண்ணெய் இருந்தது. பிறகுதான் புரிந்தது. அவன் கம்பெனியில் ஆடிட் நாளன்று, கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்கிற தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கும் லீவு கொடுத்திருக்கிறான்.

போனேன். ஈரோடு பக்கம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறி இறங்கினால் ஊத்துக்குளி. வழக்கமாக வெண்ணெய்க்காரர் கடையில் எடை போடும்போது பாத்திரத்தின் எடையைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சுவார்த்தை உண்டு. நான் வருகிறேன் என்று என் மகன் போன் செய்துவிட்டதால், அன்று அவர் எடை போட்டுத் தயாராக வைத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெண்ணெய் உருகிவிடும் என்ற கவலையில் உடனே பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். வெண்ணெய் வாங்க அனுப்பினால் வெண்ணெயைத்தான் கவனிக்க முடியும்.

வாசற்படி ஏறி உள்ளே வந்த பிறகுதான், தேர்வு இன்னும் முடியவில்லை என்ற சங்கதி தெரிந்தது. மருமகள் பட்டுச் சேலையில், லாப்டாப்புக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் மகன் சமையலறை வாசலில், பச்சைப் பலகைக்குக் கீழே நின்று என்னைப் போ போ என்று கையாட்டினான். லாப்டாப்பில் மூன்று கட்டங்கள். ஒன்றில் வெள்ளைக்கார அம்மாள். ஒன்றில் கோயம்புத்தூர்ப் பேராசிரியர். மூன்றாவதில் ஆள் இல்லை, ஓர் எழுத்து மட்டும் இருந்தது. அவர் கடைசிவரை எழுத்தாகவே இருந்தார்.

அதுவரை நடந்ததை என் மகன் பிறகு சொன்னான். மருமகளுக்கும் அவன் ஒத்திகை வைத்திருந்தான், அதன்படியே அவள் சொல்லியிருக்கிறாள். வேலையில் கஷ்டம் உண்டா? இல்லை. ஷிப்மென்ட் தாமதம் ஆனதுண்டா? எல்லாம் குறித்த தேதியில் போகும். வேலையையும் படிப்பையும் எப்படிச் சமாளிப்பீர்கள்? எளிதில் சமாளிப்பேன். வெள்ளைக்கார அம்மாள் கன்னத்தில் கையை வைத்துவிட்டாராம். பேராசிரியர் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தாராம்.

அந்த நேரத்தில்தான் அவள் முதுகுக்குப் பின்னால் தூக்குவாளியோடு நான் தெரிந்திருக்கிறேன். அது யார் என்று அந்த அம்மாள் கேட்டார். மாமனார் என்றாள். அவரோடு கொஞ்சம் பேசலாமா என்றார். ஆடிட்டர்களும் இப்படித்தானாம், தயார் செய்து முன்வரிசையில் வைத்த ஆளை விட்டுவிட்டு, மூலையில் நிற்கிறவனைக் கூப்பிடுவார்களாம். என் மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பேச்சு இங்கிலீஷில். என் இங்கிலீஷ் வாரியத்துக்குக் கடிதம் எழுதிப் பழகியது. தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்றுதான் எதையும் தொடங்கும். உங்கள் மருமகள் படிக்கப் போவதில் உங்களுக்கு மகிழ்ச்சிதானே என்று கேட்டார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்றேன். அவள் படிக்க வேண்டுமா என்றால், வேண்டும். எனக்கு மகிழ்ச்சியா என்றால், இல்லை.

பேராசிரியர் நிமிர்ந்தார். ஏன் என்று கேட்டார்.

கேட்டபின் சொல்லாமல் இருக்க முடியுமா? நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் போன் ஒன்பது தரம் அடித்தது, தட்டில் இருந்த மூன்று தோசையில் ஒன்றரைதான் உள்ளே போயிற்று என்றேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஒரே ஷிப்மென்ட்டுக்கு அவள் சாயப்பட்டறைக்காரரிடம் தமிழில் ஒரு தேதி, தையல் கான்ட்ராக்டரிடம் இந்தியில் ஒரு தேதி, பையரிடம் இங்கிலீஷில் ஒரு தேதி சொன்னாள், ஒரு மீட்டருக்கு ஒரு எண்தான் இருக்க முடியும், இதில் எது உண்மை என்று கேட்டால், அது கப்பல் கிளம்பின பிறகுதான் தெரியும் என்கிறாள் என்றேன்.

வெள்ளைக்கார அம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். ஷிப்மென்ட் எல்லாம் குறித்த தேதியில் போகும் என்று நீங்கள் சொன்னீர்களே, எந்தத் தேதியில் என்று மருமகளைக் கேட்டார்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சாயப்பட்டறைக்கும் தையலுக்கும் சொல்வது அவர்கள் தாமதம் செய்வார்கள் என்று ஆளுக்குத் தகுந்தபடி நாளைக் கழித்துவிட்டுச் சொல்வது, பையருக்குச் சொல்வது மழை, மின்தடை, துறைமுகம் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வது, நடுவில் உள்ள உண்மைத் தேதி தனக்கு மட்டும் தெரிந்தது என்றாள். பையருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று பேராசிரியர் கேட்டார்.

"அவருக்குத் தெரியும், சார். அவரும் தன் கடைக்காரர்களிடம் வேறொரு தேதி சொல்லியிருப்பார்" என்றாள்.

ஒரு முறை மூன்று தேதியும் தவறிப்போய், ஆர்டர் முழுவதையும் விமானத்தில் அனுப்ப வேண்டி வந்ததையும், முதலாளி வெகுநாள் தன்னோடு பேசாததையும் கேட்காமலே சொன்னாள். அங்கே எங்கே தவறினோம் என்று இன்றுவரை தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வருகிறேன் என்றாள். ஒத்திகையில் அப்படி ஒரு வரியே கிடையாது.

அதோடு விட்டிருக்கலாம். வெள்ளைக்கார அம்மாள் என் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இவர் வகுப்பில் இருப்பாரே, வீட்டில் என்ன ஏற்பாடு என்று கேட்டார். அதுதான் எனக்கும் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி, சமைப்பது இவள், என் மனைவிக்கு முட்டி வலி, மகனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது, என்ன ஏற்பாடு என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

அப்போது என் மகன் சமையலறை வாசலிலிருந்து பாய்ந்து வந்து கேமராவுக்கு முன்னால் குனிந்தான். ஆடிட்டில் ஒரு குறை வெளியே வந்துவிட்டால் அவன் வாயில் தானாக வருகிற வாசகம் ஒன்று இருக்கிறது. அது வந்துவிட்டது.

"கரெக்டிவ் ஆக்‌ஷன் எடுத்துடுவோம் மேடம். முப்பது நாளில்."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. கோயம்புத்தூர்ப் பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தமிழில், "பொறுப்பு யாருங்க?" என்று கேட்டார். குறை என்று ஒன்று எழுதினால், அதைச் சரிசெய்யப் பொறுப்பான ஆள் பெயரையும் எழுத வேண்டுமாம். கம்பெனியில் அந்த இடத்தில் அன்றைக்கு லீவில் இருக்கிறவர் பெயரைப் போடுவார்கள் என்று என் மகன் பின்னால் சொன்னான். அன்றைக்கு லீவில் இருந்தவன் நான்.

"அப்பாதாங்க சார்" என்றான்.

லாப்டாப்பை மூடிய பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊத்துக்குளியில் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தால்தான் என்ன என்று என் மனைவி மட்டும் முருகனைப் பார்த்துக் கேட்டாள். மருமகள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து வெண்ணெயை எடுத்து வைத்தாள். சாயங்காலம் நான் அவளிடம் போய், கேட்டதற்குப் பதில் சொன்னேன் அம்மிணி, வேறொன்றுமில்லை என்றேன்.

"தெரியுமுங்க மாமா. ஆனா அந்த ஒன்றரை தோசையச் சொல்லியிருக்க வேண்டாமுங்க" என்றாள்.

முடிவு வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இடத்தைக் கெடுத்தவன் நான் என்று வீட்டுக்கு வந்துபோன உறவினர்கள் ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது. பொங்கலூரிலிருந்து வந்த என் சம்பந்தி என்னோடு பேசாமலே மோர் குடித்துவிட்டுப் போனார்.

இடம் கிடைத்தது. மெயிலை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். சேர்க்கை உறுதி என்பதற்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை, வீட்டார் ஒப்புக்கொண்டபடி முப்பது நாளில் நிறைவேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இது அந்தப் பேராசிரியரின் வேடிக்கை என்று நான் சொன்னேன். என் மகன் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினான். குறை: ஞாயிறு கறிக்குழம்பு. பொறுப்பு: அப்பா. நிலை: முடியவில்லை.

மருமகள் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஞாயிறு விடியலில் அவள் கோயம்புத்தூர் பஸ் ஏறிய பிறகு நான் கறிக்கடையில் வரிசையில் நிற்கிறேன். அரை கிலோவுக்கு முப்பத்திரண்டு துண்டு இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கடைக்காரர் இதுவரை ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வெங்காயம் உரிக்கிறேன். என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து, மல்லித் தூள் போதாது என்கிறாள். நாலு மாதம் முன்னால் வரை குழம்பு என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. இப்போது வருகிறது.

போன ஞாயிறு அவள் திரும்பி வந்து, கையில் பாதி எழுதிய அசைன்மென்ட்டோடு சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க மாமா" என்றாள்.

"அது சொல்லிக்குடுத்து வெச்ச வொர்க்கர் பதிலுங்கப்பா, நம்பாதீங்க" என்றான் என் மகன்.

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உப்பு கொஞ்சம் ஜாஸ்திங்க மாமா" என்றாள்.

அவன் எழுந்து போய் ஃபிரிட்ஜில் அதையும் எழுதினான்.