வாயால் ஓடிய எஞ்சின்

அக்காவின் கணவர் மண்டி மொஹல்லாவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால், கொட்டகையில், ஆறு வருடமாக ஒரு விமானம் கட்டினார். இறக்கை முனைக்கு முனை இருபத்திரண்டு அடி. டேப் பிடித்தவன் நான். பழைய காரிலிருந்து எடுத்த எஞ்சின் நன்றாக ஓடியது. பறக்குமா என்று பார்க்க அரசு மைதானம் வேண்டும். அதற்கு ஓர் அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

பெங்களூரிலிருந்து மூன்று பேர் படமெடுக்க வந்தார்கள். படத்தைப் பார்த்தால் அதிகாரி இறங்கி வருவார் என்று மாமா நம்பினார். ஆனால் அவர்கள் வந்தது ஆயுத பூஜையன்று. மறுநாள் வேறு ஊருக்குப் போக வேண்டியவர்கள். அக்கா அதற்குள் எஞ்சினுக்குச் சந்தனம் வைத்து, இறக்கைகளில் வாழைக்கன்றும் கட்டிவிட்டாள்.

"பூசையில வெச்சத நாளைக்குத்தானுங்க எடுக்கோணும். தள்ளுனா பரவால்ல, ஓட்டப்படாது," என்றாள் அக்கா.

"மாப்ள, நீ சொல்லு," என்றார் மாமா.

முறை முறைதான் என்றேன். அது என் சுபாவம்.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நான்கு பேர் வந்து தள்ளினார்கள். மாமா ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்து, எஞ்சின் எப்படி ஒலிக்கும் என்பதை வாயாலேயே செய்து காட்டினார். நான்கு நிமிடம்.

மூன்று மாதம் கழித்து, தேவராஜ மொஹல்லாவில் ஒரு சின்ன ஹாலில் படம் போட்டார்கள். எடுத்தவர்கள் கேலி செய்யவில்லை; நடந்ததை அப்படியே வைத்திருந்தார்கள். கம்பீரமான குரல் ஒன்று கன்னடத்தில் மனிதனின் வானக் கனவைப் பற்றிப் பேசியது. திரையில் வாழைக்கன்றுகளோடு விமானம் நடை வேகத்தில் வந்தது. தள்ளியவர்களில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்ட நின்றார். விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. மாமா விடாமல் உறுமிக்கொண்டிருந்தார்.

"ஸ்வாமி, ஹாரன் ஹொடீரி!" என்று, ஹாரன் அடிக்கச் சொல்லிப் பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

முன்வரிசையில், மாமா அழைத்திருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் கைக்குட்டையைக் கடித்தேன், மூச்சை அடக்கினேன், தரையைப் பார்த்தேன். தோள் குலுங்குவதை நிறுத்த முடியவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து மாமா திரும்பிப் பார்த்தார்.

வாசலில் அதிகாரி மாமாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ சிரிச்சு வருஷ ஆச்சு சார். பஹள சென்னாகித்து, ரொம்ப நல்லா இருந்துச்சு!"

மாமா மைதானத்துக்கான மனுவை நீட்டினார். "எஞ்சின் நெசமாவே ஓடுமுங்க சார்."

அதற்கும் சிரித்தார் அவர். மனுவை நான்காக மடித்து விசிறிக்கொண்டே படியிறங்கினார்.

ஆட்டோவில் மாமா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கே ஆபீசுல போய்ப் பாக்கோணும். நீயும் வா," என்றார். "ஆனா மாப்ள, சிரிக்காம வா."