இறகு கொட்டிய கோழி

எங்கள் சிவப்புக் கோழி இறகு கொட்டத் தொடங்கியதும் முட்டையிடுவதை நிறுத்தியது. கோழி வளர்க்கும் எவருக்கும் இது தெரியும். எனக்குப் பிள்ளை இல்லையென்று மகனுக்கு இரண்டாம் கலியாணம் பேச வந்திருந்த மாமியாருக்கு மட்டும் தெரியவில்லையாம்.

"முட்டையிடாத கோழிக்கு என்னத்துக்கு புள்ள தீன்? அறுத்துப் போடு."

"புது இறகு முளைச்சிட்டு மாமி. இனி இடும்."

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நீயும் இனி, இனி எண்டுதான் சொல்றாய்."

என் கணவர் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

கோழியைத் துப்பரவாக்கியது நான். வயிற்றுக்குள் மஞ்சள் கருக்கள் குலையாகக் கிடந்தன. அவற்றோடு, ஓடு கட்டிய முழு முட்டை ஒன்று இன்னும் சூடாக இருந்தது. மாமி எட்டிப் பார்த்தார்.

"அல்லாஹ், நாளைக்கு இட்டிருக்குமே!" என்றார், வேறு யாரோ அறுக்கச் சொன்னதைப் போல.

கருக்களையெல்லாம் கோழிக்கறி ஆணத்தில் போட்டு அவருக்கே வைத்தேன். ஒன்றும் மிச்சம் விடாமல் தின்றார்.

எங்கள் ஊரில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வருவார். அன்று பின்னேரம் அந்தப் பையை நானே அடுக்கி வாசலில் வைத்தேன். வீடு என்னுடையது என்பது, ஒரு கோழி செத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.