லிஃப்ட் கண்ணாடியில் நாக்கு நீட்டியவர்

லிஃப்ட்காரர் என்றால்தான் அவரை எந்த அடுக்குமாடியிலும் தெரியும். மனைவி பிரிந்துபோன பிறகு அக்கா வீட்டு மாடியறையில் இருந்தார். வம்புதும்புக்குப் போகாத மனிதர். ஒரு சோபா கடையில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போனவர், அங்கே கல்லாவில் இருந்த பெண்ணோடு பழக்கமானார். அவளும் கணவனை இழந்து தனியாக இருப்பவள். தேநீர், பேச்சு, சிரிப்பு என்று வளர்ந்து, ஒரு மழைநாள் மதியம் அவள் வீட்டில் இருவரும் நெருங்கிவிட்டார்கள். ஆணுறை என்ற நினைப்பே இருவருக்கும் வரவில்லை.

சில வாரம் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது, தொண்டை கட்டியது. போனில் தொண்டை வலி என்று தேடப் போனார். அது அவரை நேராகக் கொண்டுபோய் எச்.ஐ.வி.யில் இறக்கிவிட்டது. காய்ச்சல், இருந்தது. களைப்பு, இருந்தது. கழுத்தில் நெறி கட்டுமாம்; தடவத் தடவ அதுவும் இருப்பது போலத்தான் பட்டது. பயத்தில் வயிற்றைக் கலக்க, வயிற்றுப்போக்கும் ஓர் அறிகுறி என்று அடுத்த வரியில் படித்தார்.

அதற்கப்புறம் லிஃப்டுக்குள் இருக்கும் கண்ணாடிதான் அவருக்கு வைத்தியர். அந்த வெளிச்சத்தில் நாக்கை நீட்டி வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் அப்படியே நின்றபோது கதவு திறந்துகொண்டது. வெளியே காய்கறிப் பையோடு ஓர் அம்மாள்.

"நான் படியிலயே போய்க்கறேன்பா" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துவிட்டாள்.

வீட்டில் தன் தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்தார். அக்காவின் பேத்தி மடியேற ஓடிவந்தால் வேலை இருப்பதுபோல எழுந்துகொண்டார். சோபா கடைக்காரியின் போன் வந்தால் எடுப்பதில்லை. அக்கா இரண்டு நாள் பார்த்தாள்.

"என்னடா, தனிக்குடித்தனம் போறியா? தட்டும் டம்ளரும் மட்டும் முன்னாடியே கிளம்பிடுச்சு போல?"

அவருக்குச் சிரிக்க வரவில்லை. அக்காவின் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது. "சொல்லத் தோணும்போது சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் கூட வேலை பார்க்கும் நெட்டையிடம்தான் வாய் திறந்தார். மொட்டைமாடி மோட்டார் அறையில், கேபிளுக்கு எண்ணெய் விட்டபடி நெட்டை முழுவதையும் கேட்டான்.

"சத்தத்தை வச்சே இதுதான் கோளாறுன்னு எந்த லிஃப்டையாவது முடிவு கட்டியிருக்கீங்களாண்ணே? மீட்டர் வச்சுப் பாப்பீங்கல்ல? உங்க உடம்புக்கு மட்டும் ஏன் காதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

மறுநாளே அவர் பரிசோதனை மையத்துக்குப் போனார். அங்கே இருந்த ஆலோசகர் கண்ணாடி போட்ட, அவசரமில்லாத பெண். நடந்ததைக் கேட்டாளே தவிர முகம் சுளிக்கவில்லை.

"காய்ச்சல், தொண்டை வலியெல்லாம் நூறு காரணத்துக்கு வரும் சார். அறிகுறிய வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. ரத்தம் பாத்தாதான் தெரியும்."

"தட்டெல்லாம் தனியா வச்சிருக்கேன்" என்றார்.

"எதுக்கு? தட்டுல, டம்ளர்ல, குழந்தையத் தூக்கறதுல எல்லாம் பரவாது. ஒருவேளை இருந்தாலும் தினம் மாத்திரை போட்டுக்கிட்டு எல்லாரையும் போல இருக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. இப்படி எதாவது நடந்தா மூணு நாளைக்குள்ள வந்துடணும். தடுக்கறதுக்கு மருந்து இருக்கு."

முடிவு நெகட்டிவ். அந்த மதியம் நடந்து மூன்று மாதம் முடிந்ததும் உறுதிக்கு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள்.

வெளியே வந்ததும் அவருக்கு முதலில் தோன்றியது வெட்கம்தான். இத்தனை நாள் தன் உடம்பையே தடவிக்கொண்டிருந்தோமே, சோபா கடைக்காரியைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்தோமா? நின்ற இடத்திலேயே அவளுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொன்னார்.



"என்னை அப்படி நினைச்சீங்களா?"

"பயத்துல எல்லாத்தையும் நினைச்சேன். தப்புதான். நீங்களும் ஒரு தடவை பாத்துக்கிட்டா நல்லதுன்னு..."

"நான் போன வாரமே பாத்தாச்சு. எனக்கும் ஒண்ணுமில்ல. திடீர்னு போனை எடுக்காம ஒரு ஆளு காணாமப் போனா நான் என்னன்னு நினைக்கறது? உங்களுக்கு என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுதான் ஓடிட்டீங்கன்னு நினைச்சேன்!"

தன்னைப் போய் ஒருத்தி சந்தேகப்படுவாள் என்று அவர் கனவிலும் எண்ணியதில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள்.

அன்று மாலை அக்காவிடமும் சொன்னார். அக்கா திட்டவில்லை, அவருடைய தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவி வைத்தாள்.

இரண்டாம் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவளுடையதும் அவருடையதும் நெகட்டிவ்.

"அப்ப அந்தத் தொண்டை?" என்று கேட்டாள் படியிறங்கும்போது.

"அது வெறும் தொண்டையாம்" என்றார் லிஃப்ட்காரர்.