பொட்டு வைத்த ஸ்டெப்னி

ஆயுத பூஜைதோறும் கார் ஸ்டெப்னிக்கும் சந்தனப் பொட்டு வைப்பார் என் வீட்டுக்காரர். பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்றால், "ஏட்டி, ரோட்டுலயே ஓடாத டயரு, புதுசுல்லா" என்பார்.

2009ஆம் வருடச் சித்திரை வெயிலில் கழுகுமலைக்குப் போகும் வழியில் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டினார். கொஞ்ச தூரத்திலேயே அது வெடித்து, கார் கரிசல் காட்டுக்குள் இறங்கி நின்றது. நல்லவேளை, எதிரே பஸ் வரவில்லை.

கோபத்தில் டயரின் சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் 1401 என்றிருந்தது. 2001ஆம் வருடம் பதினான்காவது வாரம் தயாரான டயர். எட்டு வருடப் பழசு. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் காய்ந்துதானே போகும்?

"இந்த நம்பரு இத்தன நாளா எங்கன இருந்துச்சு?" என்றார்.

"நீங்க வச்ச பொட்டுக்கு அடியிலதான்."

இப்போது பொட்டு வைப்பது நான். எண்ணைப் படித்துவிட்டு, அதை மறைக்காமல் தள்ளி வைக்கிறேன்.