பாலைச் சுவரில் செண்பகத்தின் முகம்

காலைப் பிரேயர் முடிவதற்குள், பத்தாம் வகுப்புச் செண்பகத்தின் அப்பா பள்ளிக்கூடக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். இலஞ்சியில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். அதிர்ந்து பேசாத மனுஷர். அன்று நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், எம் மவள ரோட்டுல நிப்பாட்டி வச்சிட்டியளே! குத்தாலத்துக்குக் குளிக்கப் போறவன்லாம் வண்டிய நிறுத்திப் பாக்குதான். ‘அண்ணாச்சி, ஒங்க மவ எவங்கூடப் போறா’ன்னு எங்கிட்டயே கேக்குதானுவ."

அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். புரொபேஷன் முடிய இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

சுவர்

குற்றாலம் ரோட்டைப் பார்த்த வகுப்பறைச் சுவரில் ஐந்திணையை வரையலாம் என்பது என் யோசனைதான். மேலே ஓட்டுச் சாய்ப்பு இருந்ததால் சாரல் படாது. செண்பகத்தையும் சேர்த்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். ஸ்கெட்சில் கட்டம் போட்டு, அதையே சுவரில் பெரிதாக்கினோம். கலர் பொடியில் வஜ்ரப் பசை காய்ச்சிக் கலந்தோம். ஒருத்தி அவுட்லைன் போட்டால் இன்னொருத்தி ஃபில்லிங். குறிஞ்சிக்கு மலை எதிரிலேயே நின்றது. பாலைக்குத்தான் திண்டாடினோம். சாரலில் வளர்ந்த பிள்ளைகள் காய்ந்த நிலத்தை எங்கே கண்டார்கள்?

பாடப் புத்தகத்தில் பாலைப் பாட்டு ஒன்று இருந்தது. காதலனோடு வீட்டை விட்டுப் போகிற பெண்ணைப் பற்றியது. தமிழ் டீச்சர் மனப்பாடம் செய்ய வைத்த பாட்டு, பரீட்சைக்கு வரும். அவள் போகிற வழியில் வீட்டைத் திரும்பிப் பார்ப்பதாக வரையச் சொன்னேன். கழுத்துத் திருப்பம் ஒருத்திக்கும் படியவில்லை. "ஏட்டி, பாத்து வரையுங்கட்டி" என்று சொல்லி, செண்பகத்தை மாடலாக நிறுத்தினேன். மற்ற ஏழு பேரும் பார்த்துப் பார்த்து வரைந்ததில் அவள் முகமே விழுந்துவிட்டது.

"டீச்சர், என்ன மாதிரியே இருக்கு. மாத்திருவோமா?" என்று செண்பகம் கேட்டாள்.

"நல்லாத்தான இருக்கு, கெடக்கட்டும்."

கீழே ‘மாணவியரே வரைந்தது’ என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன். என் பெயரைப் போடவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை.

யார் சொன்னது?

எச்.எம். ரூமில் செண்பகமும் அவள் அப்பாவும் நானும் நின்றோம்.

"அந்த மொகத்த வரையச் சொன்னது யாரு?" என்று எச்.எம். கேட்டார்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். பயமே இல்லாத பார்வை. டீச்சர் சொல்லிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைகளா வரைஞ்சது மேடம். கீழயே எழுதியிருக்கே" என்றேன்.

செண்பகமோ, டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பெண். "நடட்டி வீட்டுக்கு. படிச்சது போதும்" என்று அப்பா சொன்னதும் புத்தகப் பையைக்கூட எடுக்காமல் போனாள்.

அன்று மதியமே மிச்ச ஏழு பேரையும் கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். ஒருத்தி சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கதான டீச்சர் அவள நிக்கச் சொன்னிய?" என்று கேட்டாள்.

"பேசாம அடிட்டி" என்றேன்.

அந்த ஆவணியிலேயே செண்பகத்துக்குக் கல்யாணம் முடிந்தது. புரொபேஷன் முடிந்து நானும் நிரந்தரமானேன். சில வருஷம் கழித்து, சீசன் நேரத்தில், குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் பிள்ளையோடு அவளைக் கண்டேன். "செண்பகம்!" என்று கூப்பிட்டேன். காதில் விழுந்தது, நடை ஒரு நிமிஷம் தயங்கியது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் டிராயிங் டீச்சர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளைச் சுவரில் வரைய விடுங்கள். கீழே முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள். யாராவது கேட்டு வந்தால், ‘நான்தான் சொன்னேன்’ என்று சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்லவில்லை. அதற்குத்தான் மாதாமாதம் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.