குரூப் போட்டோவிலிருந்து வந்த அப்பா

மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த வாசனை... எழுபதுகளில் தருமபுரி கடைத்தெருவில் காதர் பாயின் அச்சகத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

அப்பா இறந்து ஓராண்டு நெருங்கியது. கோவிலில் பூசைக்கு வருகிறவர்களுக்கு அவர் படம் போட்ட நினைவு அட்டை கொடுக்க வேண்டும். அம்மாவின் ஆசை அது ஒன்றுதான்.

அப்பா இருந்ததோ ஒரே ஒரு போட்டோவில். பெரியப்பா மகளின் கல்யாண குரூப் போட்டோ. பென்னாகரத்தில் பெரியப்பா வீட்டுச் சுவரில் தொங்கியது.

எங்கள் கிணற்றுப் பங்கை அமுக்கிய அதே பெரியப்பாதான். இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்...

கேட்டேன். தரவில்லை.

"செத்தவன் அட்டையில என்னையும் சேத்துப் போடப் பாக்கறியாடா? இல்ல, கத்திரிக்கோலுல என் தோளோட நறுக்கி எடுத்துக்குவியா? உசுரோட இருக்கறவன் படத்துல கத்தி படக்கூடாது!"

பாயிடம் புலம்பினேன். கடையைப் பூட்டிவிட்டு என்னோடும் அம்மாவோடும் பென்னாகரம் பஸ்ஸில் ஏறினார். பையில் 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள்.

பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லிச் சுவரிலிருந்து இறக்கிய போட்டோ மேல் இரண்டையும் எதிரெதிராக வைத்து மெல்ல நெருக்கினார். மாப்பிள்ளை மறைந்தார். பெண் மறைந்தாள். பெரியப்பாவும் மறைந்தார். அப்பா மட்டும் நின்றார்.

"கத்தியே வேணாம் பெரியவரே. மேல மெல்லிசு பேப்பர வெச்சு இந்த அளவுக்குக் கோடு போட்டுக் குடுப்பேன். சேலத்துல கேமராவுல இத மட்டும் புடிச்சு, அச்சடிக்கத் தகட்டுல பிளாக் எடுத்துருவாங்க. உங்க போட்டோ முழுசா திரும்பி வந்துருங்க."

"நெசமா நான் வரமாட்டனா?"

"உங்க மீசை நுனிகூட வராதுங்க!"

கிணற்றுச் சண்டைக்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறாத அம்மா, வாசலிலேயே நின்றிருந்தார். பாய் கூப்பிட்டதும் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அத்தன கூட்டத்துல தெரியவே இல்லீங்களே பாய்... இவரு சிரிச்சிட்டிருக்காரு."

பெரியப்பா போட்டோவைக் கொடுத்தார். பூசை முடிந்ததும் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் தான் எங்காவது இருக்கிறோமா என்று தேடியவரும் அவர்தான்!

இன்று போனில் கட்டைவிரலை நகர்த்தினால் வேண்டாதவர் வெளியே போய்விடுகிறார். நானும் பலரை அப்படி வெளியேற்றியிருக்கிறேன். வருத்தமில்லை.

ஆனால் காதர் பாயை நினைத்தால் மட்டும் கை தானாகக் கும்பிடுகிறது. கண்மூடும் வரை அம்மா அந்த அட்டையைப் பேரப்பிள்ளைகளிடம் நீட்டி ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்...

"உங்க தாத்தா. சிரிக்கறாரு பாரு."