குளமோ கடலோ

பால்டிக் கடலோரத்தில் உல்லாசப் பயணிகள் வந்துபோகும் அந்தச் சின்ன ஊருக்கு நான் போனது ஒரேயொரு காரியத்துக்காக. அங்கேயுள்ள தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கவேண்டும். இதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளிடம் 'ஃபெரியே', விடுமுறைப் பயணம், என்று சொன்னேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. வகுப்பில் எல்லோரும் கோடை விடுமுறைக்கு ஸ்பெயின், கிரேக்கம் என்று பறக்க, நாங்கள் மட்டும் நோர்வேயில் ஹொல்ம்லியாவில் யன்னலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறோம் என்று மூக்கால் அழுதுகொண்டிருந்தவள், கடற்கரை என்றதும் துள்ளினாள். என் கணவர்தான், "உமக்கென்ன விசரே? வெயிலும் இல்லாத ஊருக்கு ஆர் போறது?" என்று கேட்டார்.

"நான் போறன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எல்லாம் அந்த வாயால் வந்ததுதான்.

அதற்குப் பத்து வருடங்களுக்கு முன், என் தம்பி அந்த ஊரிலிருந்துதான் கடைசியாகத் தொலைபேசி எடுத்தான். அவனை நோர்வேக்குக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், மொஸ்கோ வழியாகக் கூட்டிப்போய் அந்த ஊரில் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தான். பெயர்ப்பலகையைப் பார்த்து ஊரின் பெயரைத் தம்பி எழுத்தெழுத்தாகச் சொன்னான். கையில் கிடைத்த பால் பெட்டியில் எழுதிக்கொண்டேன்.

"அக்கா, வள்ளத்தில ஏறச் சொல்லுறாங்கள். ஒரே புகாராய்க் கிடக்கு, மற்றக் கரை தெரியேல்லை. பெடியள் இது கடல் எண்டுறாங்கள். நான் அள்ளிக் குடிச்சுப் பார்த்தனான், உப்பே இல்லை. இது குளமோ கடலோ? கடலெண்டால் நான் ஏறமாட்டன்."

எங்கள் ஊர் வன்னியில் ஒரு குளக்கரை. குளத்தில் அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி வருகிற அந்தப் பயல், கடலைக் கண்டால் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டான். எனக்கோ வேலைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. ரயிலுக்கு இன்னும் ஏழு நிமிடம்தான். எங்கள் குடியிருப்புக்குக் கீழே கிடக்கிற ஃபியோர்ட் என்கிற கடற்கழியின் தண்ணீரே வாயில் கரிக்கும். அந்தத் துணிவில் பேசினேன்.

"மோட்டுக் கழுதை! உப்பில்லாத கடல் எந்த உலகத்திலயடா கிடக்கு? அது குளம்தான். பயந்து சாகாமல் ஏறு."

அவன் சிரித்தான். "சரி அக்கா, நீ சொன்னால் சரி" என்று வைத்துவிட்டான்.

வள்ளம் வெளிக்கிட்டது என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். பிறகு அவனுடைய தொலைபேசியும் வேலை செய்யவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிற அலுவலகங்களுக்கு எழுதி எழுதிக் களைத்தோம். ஊரில் அம்மாவுக்கு, அவன் ஏதோ ஒரு நாட்டில் பிடிபட்டு மறியலில் இருக்கிறான் என்று சொல்லிவைத்தோம். அவர் அதை நம்பியபடியே கண்ணை மூடினார். தம்பிக்கு நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் என் கணவருக்குக்கூட நான் சொல்லவில்லை.

மனதுக்குள் ஒரு கள்ள நம்பிக்கை இருந்தது. அந்த ஊர்த் தண்ணீர் கரித்தால், அவன் நின்றது அந்த ஊரே இல்லை. வேறெங்கேயோ உண்மையாகவே ஒரு குளத்தைத்தான் கடந்திருக்கிறான், எங்கேயோ கரையேறியும் இருப்பான். ஒரு புத்தகத்தைப் புரட்டினாலே விடை கிடைத்திருக்கும். பத்து வருடமாக நான் புரட்டவில்லை. பயம்தான், வேறென்ன?

அழகான ஊர் என்றுதான் சொல்லவேண்டும். பைன் மரங்கள், மர வீடுகள், ஐஸ்கிரீமோடு நடக்கிற கிழவன் கிழவிகள். நான் ஒவ்வொரு வீட்டு யன்னலையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். இதற்குள்ளோ, அதற்குள்ளோ? இரண்டு நாளாகத் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. கடலில் ஒதுங்குகிற மஞ்சள் கற்களை மாலையாகக் கோர்த்து ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்: "புயலுக்குப் பிறகு கடல் எல்லாத்தையும் கொண்டுவந்து கரையில போடுமாம்."

"எல்லாத்தையுமோ எண்டு கேள்" என்றேன்.

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கேட்கவில்லை. "ஃபெரியே எண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டு, கடலுக்கு வராமல் உதுகளைப் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்கள்" என்று சீறினாள்.

மூன்றாம் நாள் காலையில் போனோம். அவள் நீச்சலுடையில் முன்னால் ஓடினாள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கிக் குனிந்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். கஞ்சிக்குப் போடுகிற உப்பளவுகூட இல்லை. இரண்டாம் தரமும் அள்ளினேன். பத்தடி தள்ளிப் போய் மூன்றாம் தரமும் அள்ளினேன். ஐயோ, என்ரை ராசா. நீ சரியாகத்தான் சொன்னாய், நான்தான் கொன்றேன்.

அப்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று மகள் உதட்டை நக்கிச் சிரித்துக்கொண்டு கூப்பிட்டாள். "அம்மா! உப்பே இல்லை! இது கடலில்லை, குளம்!"

"கடலடி!" என்று கத்தினேன். மணலில் படுத்திருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். "அது கடல்! ஏறாதை! சொல்லுறன், ஏறாதை!"

அவள் சிரிப்பை விட்டுவிட்டுச் சுற்றிவரப் பார்த்தாள். அங்கே ஒரு வள்ளமும் இல்லை.

"எதில அம்மா?" என்றாள்.